லென்ஸ்மேல் இருந்த பெயர்

நேற்று அம்பத்தூரில் புது போன் வாங்கினேன். சீனாவில் செய்த போன். ஆனால் கேமராவை ஒட்டி ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. "லென்ஸ் அவங்களோடது மேடம்" என்றார் கடைக்காரர்.

"அவங்களோடதுன்னா? அவங்க செஞ்சதா, செய்யச் சொல்லிக் குடுத்ததா, பேர மட்டும் குடுத்ததா?"

அவர் பில் போடத் திரும்பினார். அது உன் கேள்வி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வானகரத்தில் என் எதிர் ஃப்ளாட்டில் நீ இருந்தாய். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். தென்காசியிலிருந்து ஐடி வேலைக்கு வந்து, சனி ஞாயிறுகளில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்த என் கையில் உன் இரண்டாவது கேமராவைத் திணித்தாய்.

அதே ஜெர்மன் பெயர் போட்ட லென்ஸ் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தாய். பெட்டியைத் திருப்பிப் பார்த்ததும் உன் புருவம் ஏறியது. "இன்னாடி இது? பேரு ஜெர்மன்காரனுது, செஞ்சது ஜப்பான்னு போட்டுகீது!" தேடினால், அந்த ஜப்பான் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரிலும் லென்ஸ் விற்கிறது, பாதி விலைக்கு.

"பேர வாடகைக்கு விடுறாங்க, அவ்வளவுதான்" என்றேன். அப்போது எனக்குப் பெயர் என்றாலே எரிச்சல். எங்கள் குழு அம்பத்தூரில் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் முழுவதும் வேறொரு நாட்டுக் கம்பெனியின் பெயரில் விற்பனையானது. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று உன்னிடம் புலம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"பாக்காமலே எப்டிடி சொல்ற?" என்றாய்.

மண்ணூர்பேட்டையில் ஒரு சிநேகிதியிடமிருந்து அந்த மலிவு லென்ஸை இரவல் வாங்கினாய். அந்தி சாயும் நேரம் மொட்டை மாடியில் நின்று, பைபாஸில் எதிரே வரும் லாரி விளக்குகளை இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தோம். கணினியில் போட்டுப் பார்த்தபோது மலிவு லென்ஸின் படங்களில் பச்சைப் புள்ளிகள் மிதந்தன. மற்றதில் விளக்கு விளக்காக இருந்தது, இருட்டு இருட்டாக இருந்தது. வாடகைப் பெயர் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நீ விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தாய். லென்ஸின் வடிவமைப்பும், கண்ணாடிமேல் பூசும் மெல்லிய பூச்சின் பக்குவமும், சோதிக்கும் முறையும் ஜெர்மன்காரர்கள் கொடுப்பது. கண்ணாடியைத் தேய்த்துக் கோப்பது ஜப்பான் தொழிற்சாலை. சோதனையில் தேறாததற்குப் பெயர் கிடையாது.

"கத்துக்குடுத்துட்டு பேர் போட்டுக்கறான். நாயமாத்தான் கீது" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "சரி, உங்க ஆபீஸ்ல அவங்க இன்னா குடுக்கறாங்க?"

யோசித்தேன். வடிவமைப்பு எங்களுடையது. சோதனையும் எங்களுடையது. "லோகோ" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "அப்போ வேலைய வுடாத. போய்க் கேளு."

கேட்டேன். ஒப்பந்தத்தில் இடமில்லை என்றார் மேனேஜர். மறுபடி கேட்டேன். "இன்னாச்சு?" என்று நீ லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் விசாரித்ததால் மூன்றாம் முறையும் கேட்டேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார்.

அதற்குள் ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நீயும் சொன்னாய், நானும் நம்பினேன். பூந்தமல்லி ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

தை பிறந்து வந்த எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பில், கடைசிப் பக்கத்தின் அடியில், எங்கள் குழுவில் உள்ள எல்லார் பெயரும் இருந்தது. என் பெயரும். காட்டுவதற்கு எதிர் ஃப்ளாட்டில் யாருமில்லை. நீ இருந்திருந்தால் போனைப் பிடுங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "எழுத்து ஏன்டி இவ்ளோ சின்னதா கீது?" என்றிருப்பாய்.

போன திங்கட்கிழமை மேனேஜரிடம் அதையும் கேட்டுவிட்டேன்.