முதுகில் ஒட்டிய பெயர்

லிமெரிக், அயர்லாந்து
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, நேற்று எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் முப்பது கிலோமீட்டர் நடந்தோம். காலில் இரண்டு கொப்புளம், அவ்வளவுதான். பஸ் வராத அந்த மழைநாளில் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, "தோ வந்துட்டோம்டா, தோ வந்துட்டோம்" என்றபடி நீங்கள் கரியாலூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினீர்களே, அதைவிட இது பெரிதில்லை.

யாருக்காக நடக்கிறோமோ அவர் பெயரை முதுகில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் தமிழழகன் என்று தமிழிலேயே எழுதினேன். கூட நடந்த பிரிஜிட் அம்மா அது யாரென்று கேட்டார். தம்பி என்றேன். என்ன படிக்கிறான் என்றார். இருந்திருந்தால் இப்போது பத்தாவது. பத்தாவது படிக்கிறான் என்றே சொல்லிவிட்டேன். நான்கு வருடத்தில் இங்கே அவனைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். பீரோவில் இருக்கும் அவனுடைய ஸ்கூல் போட்டோவும் வேண்டும். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அவனுடைய ரிசல்ட் வந்ததும் சொல்லச் சொல்லியிருக்கிறார் பிரிஜிட் அம்மா. எவ்வளவு மார்க் என்று சொல்லட்டும் அப்பா?

உங்கள் மகள்
மலர்விழி