ஹெரான் ஏல், ஒன்பதாவது தடவை

டோரின்,

நீ ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சு வர்றதுக்குள்ள நான் பஸ் ஓட்டக் கிளம்பிடுவேன். ஓவன்ல இறைச்சி பேஸ்ட்ரி இருக்கு, சூடு பண்ணிக்கோ. பத்து மணிக்கு பாய்லர் பாக்க ஆள் வருவான். பூனை வெளிய ஓடிடாம பாத்துக்கோ.

மேசைல ஒரு பாட்டில் வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பப்ல குடிப்போமே, கம்பெனிக்காரன் நிறுத்திட்டானே, அந்த ஹெரான் ஏல் பீர் மாதிரியே நான் காய்ச்சினது. ஒன்பதாவது தடவை. மெதுவா சாய்ச்சு ஊத்து, அடியில தங்கின ஈஸ்ட் கலங்கக்கூடாது.

அதே ருசி வரணும்னு கடைசி ஹெரான் பாட்டிலோட அடி ஈஸ்ட்டைத்தான் ஃபிரிட்ஜுல அந்த ஜாடியில வளத்துக்கிட்டு இருந்தேன். நீ கழுவிட்டே. "முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டுட்டுச் செஞ்சிருக்கியா?"ன்னு கத்தினேன். "ஃபிரிட்ஜுல சகதிய வெச்சா கழுவத்தான் செய்வாங்க"ன்னே. நியாயம்தான். ஜாடியில பேர் எழுதி ஒட்டாதது நான்தான். மூணு வாரமா நீ பேசல.

இது கடை ஈஸ்ட். சரியா வந்திருக்கான்னு எனக்குத் தெரியல. ருசி உனக்குத்தான் தெரியும். ஷெட்ல தனியா உக்காந்து குடிச்சேன், பாதிக்கு மேல இறங்கல.

நோயல்

அப்புறம், குடிச்சுப் பாத்துட்டு இந்தத் தாள் பின்னாடி ஏதாவது எழுது. "கழுநீர் மாதிரி இருக்கு"ன்னாலும் பரவாயில்ல.