நஞ்சப்பா பார்த்தது

1954 ஜூலை 15, வியாழன்

கட்டண உயர்வை எதிர்த்து இன்று கல்லூரியில் ஸ்டிரைக். காலையில் என் வகுப்பு மாணவி ரத்தினம், ஹனூர்ப் பெண், தயங்கித் தயங்கி வந்தாள். "எனக்கு மட்டும் பிரசென்ட் போட்டுருங்க மிஸ். வருகை குறைஞ்சா ஸ்காலர்ஷிப் போயிருமுங்க." போட்டேன். ஸ்காலர்ஷிப் இல்லையென்றால் நானும் படித்திருக்க முடியாது.

பதினோரு மணிக்கு கேட்டில் போலீஸ் தடியடி. ஜன்னலிலிருந்து பார்த்தேன். ரத்தினம் ஆபீசை நோக்கிக் கல் எறிந்தாள். அது காவலாளி நஞ்சப்பாவின் நெற்றியில் பட்டது.

மாலையில் கட்டண உயர்வை நிறுத்திவைத்தார்கள். "மூணு மனு குடுத்தோம், யாராச்சும் படிச்சாங்களா மிஸ்? கல்லு வுளுந்ததுந்தானே எறங்கி வந்தாங்க?" என்றாள் ரத்தினம்.

பிறகு பிரின்சிபால் கூப்பிட்டார். நஞ்சப்பா தலையில் கட்டோடு நின்றிருந்தார். எறிந்தது ரத்தினம்தான் என்று சொல்லியிருந்தார். தடி வீசியவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிரின்சிபால் என் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"இந்தப் பெண் வகுப்பில் இருந்தாளா?"

தலையாட்டினேன்.

"கேட்டாயா நஞ்சப்பா? அடிபட்டதில் உனக்குக் கண் இருட்டியிருக்கிறது."

நஞ்சப்பா என்னைப் பார்த்தார். நான் இங்கே படித்த காலத்தில், பஸ் தாமதமான நாட்களில் எனக்காக கேட்டைச் சாத்தாமல் வைத்திருந்தவர்.

"இருக்கும் சாமி. அம்மாவரு பொய் சொல்லமாட்டாங்க" என்றார்.

ரத்தினம் தப்பித்தாள். அது போதும் என்று நினைத்துப் பார்க்கிறேன், முடியவில்லை. நாளைக் காலை அந்த கேட் வழியாகத்தான் போக வேண்டும்.