எஞ்சின் மூடியில் ஒரு கீறல்

அன்புள்ளவருக்கு,

இங்கே நானும் மகளும் அத்தையும் சுகம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் பழைய ஜப்பான் பைக்கைப் பழுதுபார்த்து, எஞ்சினைப் பளபளவென்று பாலிஷ் போட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னீர்கள். பழுது பார்த்தாயிற்று. பாலிஷ் போடவில்லை. விற்கவும் போவதில்லை. கோபப்படுவதானால் இங்கேயே பட்டுவிட்டு மேலே படியுங்கள்.

மெக்கானிக் மூன்று வழி சொன்னார். பாலிஷ் போட்டால் முகம் பார்க்கலாம். கறுப்புப் பெயின்ட் அடித்தால் அழுக்குத் தெரியாது. கண்ணாடிப் பொடியைக் காற்றில் பீய்ச்சி அடித்தால் கறையெல்லாம் போய், வார்த்தெடுத்த நாள் மாதிரி மங்கிய வெள்ளையாக நிற்கும். முதல் இரண்டுக்கும் வலப்பக்க மூடியில் உள்ள கீறலை வெல்டு வைத்து அடைத்துத் தேய்த்துவிடுவாராம். மூன்றாவதில் அது அப்படியே தெரியும். மூன்றாவதுதான் வேண்டும் என்றேன். 'இந்தக் கீறலோட யாரும் வாங்க மாட்டாங்கம்மா' என்றார். அதுவும் நல்லதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எனக்கு அது புதிதும் இல்லை.

அந்தப் பொடி கொஞ்சம் உள்ளே தங்கினாலும் எஞ்சினைத் தின்றுவிடுமாம். அதனால் கழற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு எண்ணெய்த் துவாரத்தையும் பல் துலக்கும் பிரஷால் இரண்டு நாள் கழுவினேன். தெரியாமல் அத்தையின் பிரஷை எடுத்துவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை. 'கால் ஒடிஞ்சதோட புத்தியும் போச்சா' என்று சுவரிடம் கேட்டார்.

கீறலுக்கு வருகிறேன். வண்டி சரிந்து ரோட்டில் உரசிக்கொண்டே போனபோது விழுந்தது அது. அதே உரசலில்தான் என் முழங்காலும் போனது. ஓட்டியது நீங்கள். மழை விடட்டும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, நேரமாகிறது கிளம்புங்கள் என்று நச்சரித்தது நான். மூன்று வருடமாக இதை நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பழி முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு கண்காணாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். வீடியோவில் பேசும்போதும், நான் எழுந்து நடந்தால் வேறு பக்கம் பார்க்கிறீர்கள். மூடியைத் தேய்த்து மினுக்கிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் விடமாட்டேன். அது என் கீறலும்தான். வைப்பதா அழிப்பதா என்று நான்தான் சொல்வேன்.

வலக்காலால் கிக்கரை மிதிக்க முடியவில்லை, உண்மை. ஸ்டாண்டு போட்டு, வலப்பக்கம் இறங்கி நின்று இடக்காலால் மிதித்தேன். ஒன்பதாவது மிதியில் பிடித்தது. மெக்கானிக் பாராட்டவில்லை. 'பிரேக்கும் வலக்காலுக்குத்தான், மிதிக்க வருதான்னு பாருங்க' என்றார். வருகிறது. வலிக்கிறது, ஆனாலும் வருகிறது. நேற்று தெருமுனைவரை போய்த் திரும்பினேன். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள், பாவம். இன்று கடைத்தெருவரை தனியாகப் போய் அத்தைக்குப் புது பிரஷ் வாங்கி வந்தேன்.

விடுப்பு கிடைக்கவில்லை என்ற கதையெல்லாம் போதும், வாருங்கள். அழைத்துப்போக வண்டியில் நான்தான் வருவேன். பின்னால் உட்காரப் பயமாக இருந்தால் சொல்லுங்கள், மெதுவாக ஓட்டுகிறேன். வழியில் மழை பிடித்தால், நீங்கள் போகலாம் என்று சொல்கிறவரை நிற்கிறேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்காத
உங்கள் மனைவி