நான் அழித்த சிவப்பு எழுத்து

எனக்கு முன்னால் பிறந்து, எதையும் எனக்கு முன்னாலேயே செய்து முடித்து, போவதிலும் முந்திக்கொண்ட என் மகேஸு அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கக் கை வருகிறது. ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். பத்தாம் நாள் நீ இல்லை. இப்போது சித்திரை. அம்மா என்னைக் கூப்பிட வாயெடுத்தால் முதலில் உன் பெயர் வருகிறது, அப்புறம்தான் என் பெயர். நீ இருக்கும்போதும் அப்படித்தான். அதனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

இனி உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு உன் மேல் பொறாமை. செத்துப்போனவள் மேல் என்ன பொறாமை என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். உயிரோடு இருக்கிற அக்காவோடாவது சண்டை போட்டு ஜெயிக்கலாம். உன் மஞ்சள் தாவணியைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேனே, அன்றைக்கு ஒரு நாளாவது நான் ஜெயித்தேன். இப்போது நீ ஒரு தப்பும் செய்ய முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். உன்னோடு நான் எப்படிப் போட்டி போட?

ஊரறிய எழுதுவதால், உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பாளையம்பட்டியில் தங்கபாண்டி அண்ணாச்சி நடத்தும் தண்ணீர் லாரி கம்பெனியில் ஒன்பது லாரிகள். எந்த ஊருக்கு எந்த லாரி, எந்த டிரைவர், எத்தனை நடை என்று பிரித்துக் கொடுப்பது நீ எழுதிய புரோகிராம். பி.காம் படித்துவிட்டு அந்த ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த நீ, பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியை நீயாகவே கற்றுக்கொண்டு, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதை எழுதினாய். நான் கம்ப்யூட்டர் படிப்பையே நாலு வருடம் கல்லூரியில் படித்தேன். ஐந்து வருடம் சென்னையில் புரோகிராம் எழுதும் வேலை பார்த்தேன். ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்று ஊருக்குள் சொன்னால் அது நீதான். கம்பெனியில் எல்லோருக்கும் நீ பெரிய பாப்பா. நான் சின்னப் பாப்பா, முப்பத்திரண்டு வயதிலும்.

தை மாதம் அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார். சர்வர்காரர்கள் பழைய பி.எச்.பி.யைச் சித்திரையோடு நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மாற்றி எழுதாவிட்டால் உன் புரோகிராம் ஓடாது. பழையபடி நோட்டும் போனுமாக நாள் முழுக்கக் கத்த வேண்டியதுதான்.

"பெரிய பாப்பா செஞ்ச வேல. வேத்தாளு கைய வைக்கக் கூடாதும்மா. நீயே பாத்துக் குடு" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வேலை கிடைத்ததற்கு இல்லை. உன் தப்பை எல்லாம் ஒன்று விடாமல் பார்க்கப் போகிறேனே என்று.

பார்த்தேன் அக்கா. ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒரே கோப்பில் மூவாயிரம் வரி. டேட்டாபேஸின் பாஸ்வேர்டை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாய், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற மாதிரி. யார் எதைத் தட்டினாலும் சோதிக்காமல் அப்படியே உள்ளே அனுப்பினாய். ஒரே வேலையைப் பதினான்கு இடத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாய். புரோகிராமுக்குள் நீ வைத்த பெயர்கள் எல்லாம் நம் வீட்டுத் தெலுங்கு. வண்டிக்கு 'பண்டி', தண்ணீருக்கு 'நீள்ளு'. பழைய பிரதிகளுக்கு நீ வைத்த பெயர்கள் 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'இதான் கடைசி', 'சத்தியமா இதான் கடைசி'.

எல்லாம் எங்கள் தொழிலில் என்றைக்கோ விட்டொழித்த பழக்கங்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். பாஸ்வேர்டை மறைத்தேன். உள்ளே வருவதைச் சோதித்தேன். பதினான்கை ஒன்றாக்கினேன். ஒவ்வொரு வரியையும் மாற்றும்போது, பாத்தியா என்று உன்னைக் கேட்டேன். ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. இத்தனை ஓட்டையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் அது எப்படி ஓடியது?

ஆபீஸிலும் நிம்மதி இல்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்தால், "அது பெரிய பாப்பா சேருல்ல" என்பார்கள். டீ வாங்கி வந்தால் உனக்குப் பிடித்த மாதிரி சீனி கம்மி. எனக்குச் சீனி தூக்கலாக வேண்டும் என்று நான் சொன்ன பிறகும் சீனி கம்மி.

இனிமேல்தான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மாசி பிறந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்படி வைத்திருந்தாய். 'ஆலடியேந்தலில் காப்பு என்றைக்கு? போய்க் கேட்டு எழுது.' புரோகிராமுக்குள் அதற்குக் கீழே ஆறு டிரைவர்களின் பெயர்கள், பக்கத்தில் தேதிகள். எல்லாம் கழிந்துபோன பங்குனிகளின் தேதிகள். புரோகிராமுக்குள் ஆள் பெயரையும் தேதியையும் கையால் எழுதி வைப்பதை இப்போது யாரும் செய்வதில்லை. முடிந்த தேதிக்கு இனி என்ன வேலை? மொத்தம் பதினெட்டு வரி. அழித்தேன்.

அழிக்கும் முன் அண்ணாச்சியைக் கேட்டிருக்கலாம். டிரைவர் முனியசாமி அண்ணனைக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால், "அது பெரிய பாப்பாவுக்குத்தான் தெரியும்" என்பார்கள். அதை இன்னொரு தடவை காதால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மாசி வந்தது. சிவப்பு எழுத்து வரவில்லை. புது புரோகிராம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பது டிரைவர்களில் மூன்று பேர்தான் வந்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் திருச்சுழி தாண்டி ஆலடியேந்தல்தான் சொந்த ஊர். முந்தின நாள் சாயங்காலம் அங்கே அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் பொங்கல் முடிகிற எட்டு நாளும் அந்த ஊர்க்காரர்கள் எல்லை தாண்ட மாட்டார்கள். அந்தத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்க்க முடியாது. ஒவ்வொரு வருடமும் ஊர்க் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். நீ நேரில் போய்க் கேட்டு வந்து, அந்த எட்டு நாளைக்கு வெளியூர் டிரைவர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பாயாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான்தான் யாரையும் கேட்கவில்லையே.

அன்றைக்குப் பந்தல்குடிப் பக்கம் ஒரு சடங்கு வீடு. பந்தியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது, கை கழுவத் தண்ணீர் இல்லை. வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலையோடு அக்கம்பக்கம் குடம் தூக்கி ஓடியிருக்கிறார்கள். அண்ணாச்சி அறுபது வயதில் தானே லாரியை எடுத்துக்கொண்டு போனார். பெண்ணின் அப்பா நடுரோட்டில் நிற்க வைத்து அவரைப் பேசினாராம்.

திரும்பி வந்த அண்ணாச்சி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார். "மாசியில செவப்பு எழுத்து வரலயே, என்னான்னு அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். எடுத்துட்டியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"பழசையே போட்டுரு பாப்பா. அக்கா செஞ்சதே இருக்கட்டும்."

"அது சித்திரைக்கு மேல ஓடாது அண்ணாச்சி."

"அப்ப அது ஓடுற வரைக்கும் ஓடட்டும். பொறவு நோட்டுல எழுதிக்கிறேன்."

நோட்டு! என் வேலைக்கு நோட்டே மேல் என்றார், அக்கா. சென்னையை விட்டு வந்ததே இந்த ஊரில் ஒரு தடவையாவது, சின்னப் பாப்பா செய்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதான். அந்த ஒன்றும் போயிற்று. சித்திரை முடிய எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரைப் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் ஒரு பக்கம் செய்தேன். இனி யாரும் எங்கும் போய்க் கேட்க வேண்டாம். டிரைவர்களே தங்கள் போனில் காப்புத் தேதியைப் பதியலாம். பதிந்ததும் அந்த எட்டு நாளும் தானாகவே வேறு ஆளுக்கு மாறிவிடும். உன் பதினெட்டு வரியைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்த ஆறு பேரில் ஒருவரான முனியசாமி அண்ணனிடம் அதைக் காட்ட, ஆலடியேந்தலுக்குப் போகத் திருச்சுழி பஸ்ஸில் ஏறினேன். ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, கருவேலங்காட்டுக்கு நடுவே வெயிலில் அரை மணி நேரம் நடை. வருடா வருடம் நீ நடந்த வழி.

முனியசாமி அண்ணன் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த 'தான்' போதாதா?

"முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணே? மாத்தியிருப்பேனே."

"நீங்க கேக்கல, நாங்க சொல்லல."

"கேட்டாத்தான் சொல்லணுமாண்ணே?"

"நாங்களா வந்து நின்னா அது லீவு கேக்குறது பாப்பா. அக்கா அப்பிடி விட மாட்டாக. மாசி பொறந்ததும் இங்கன வந்து, 'சாமி கும்புடு என்னைக்குண்ணே'ன்னு கேப்பாக. கூட்டத்துல பெரியாளுக வெத்தல பாக்கு குடுத்துத்தான் தேதி சொல்லுவாக. கம்பெனியிலருந்து ஆளு வந்து கேட்டுட்டுப் போயிருக்குன்னா, ஊருக்குள்ள எங்களுக்கும் ஒரு இது இருக்கும்ல? இந்த வருசம் யாரும் வரல. அக்கா போயிட்டாக, இனிமே நம்மள யாரு கேக்கப்போறான்னு விட்டுட்டோம்."

வயிறு எரிந்தது அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். ஆண்கள் மட்டும் உட்கார்கிற கூட்டத்தில் உனக்கு வெற்றிலை பாக்கு. ஐந்து வருட உழைப்புக்குச் சென்னையில் எனக்குக் கிடைத்தது பெயர் அச்சடித்த ஒரு டீ கப். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாயா நீ? சொன்னால் நானும் கூட வருகிறேன் என்பேன் என்று பயந்தாயா?

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. தேதியைப் பதிய ஒரு பக்கம் செய்வது உனக்குத் தெரியாததா? அரை நாள் வேலை. நீ வேண்டுமென்றேதான் செய்யாமல் விட்டிருக்கிறாய். அதைச் செய்துவிட்டால் அந்த ஊருக்கு உன்னை யார் வரச் சொல்வார்கள்? கள்ளி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் புதுப் பக்கத்தை அழித்தேன். ஒரு பிழை இல்லாமல் ஓடிய பக்கம். தேதிகளும் பெயர்களும் இப்போது டேட்டாபேஸில் முறையாக இருக்கின்றன, அதில் உன் பழக்கத்துக்கு நான் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தைத் திரும்ப எழுதினேன். டிரைவர்களுக்கு மரியாதை வேண்டும் என்பது ஊருக்குச் சொல்கிற காரணம். அதுவும் நிஜம்தான். எனக்கு அந்த வெற்றிலை வேண்டும் என்பது உனக்குச் சொல்கிற காரணம்.

போன வாரம் அண்ணாச்சியின் மேசையில் அதைக் காட்டினேன். சரிபார்ப்பதற்காகக் கம்ப்யூட்டரின் தேதியை மாசிக்கு மாற்றி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் என் பையை எடுக்கப் போனேன். அண்ணாச்சி திரையைத் தன் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல், பழைய வழக்கப்படி, கூரை அதிர.

"ஏ பெரிய பாப்பா! செவப்பு எழுத்து வந்துருச்சு!"

கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். லாரிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீ வந்து பதில் சொல்வாயோ என்று நானும் ஒரு நிமிடம் காத்திருந்தேன் அக்கா, சத்தியமாக.

"வாரேன் அண்ணாச்சி" என்று நான் போனேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப இதே ஓடட்டும்மா. நோட்டு வேணாம்" என்றார். அன்றைக்கு டீயில் சீனி எப்படி என்று கேட்காதே. கம்மிதான்.

இப்போது உனக்கு ஒரு சத்தியம். மாசி பிறந்ததும் திருச்சுழி பஸ் ஏறுவேன். விலக்கில் இறங்கி நடப்பேன். சாமி கும்பிடு என்றைக்கு என்று கேட்பேன். வெற்றிலை பாக்கு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். அக்காவுக்கு என்று ஒரு வெற்றிலைகூட எடுத்து வைக்க மாட்டேன், முழுவதையும் நானே மெல்லுவேன். கோபம் வந்தால் வந்து பிடுங்கிக்கொள். வா, வந்து பிடுங்கு.

உன் வரியை நான் எழுத்து மாறாமல் எடுத்துக்கொண்டேன். முன்னால் ஒரே ஒரு சொல் சேர்த்தேன். இனி ஒவ்வொரு மாசிக்கும் அது இப்படித்தான் வரும்: 'உமா, ஆலடியேந்தலில் காப்பு என்றைக்கு? போய்க் கேட்டு எழுது.'

இப்படிக்கு,
கேட்காமல் உன் மஞ்சள் தாவணியைக் கட்டிக்கொண்டு போன அதே தங்கச்சி,
உமா