மடியை உதறிவிட்டு உள்ளே வா

என்னோடு சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அண்ணனுக்கு,

முதலில் நீ உட்கார்ந்துகொள். நின்றபடி கேட்கிற சேதி இல்லை இது. உன் பெண்டாட்டி, என் மதினி ஈஸ்வரி, எம்எல்ஏ எலெக்‌ஷனில் நிற்கிறாள். ஆமாம், நம்ம போடியில்தான். சுயேச்சை. நீ சிரிக்கிறது எனக்குக் கேட்கிறது. ஊரே சிரித்து முடித்துவிட்டது, நீ ஒருத்தன்தான் பாக்கி.

எதற்கு நிற்கிறாள் என்று கேட்பாய். நம் ஏலக்காய் குடோனுக்கு எதிரே ஜீப்பு நிற்கிற இடம் உனக்குத் தெரியும். விடியுமுன்னே பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள், போடிமெட்டு ஏறி மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போக. அவர்கள் ஒதுங்குவதற்கு அங்கே ஒரு கழிப்பறை கிடையாது. நம் குடோன் பின்கதவைத்தான் தட்டுவார்கள். போன தடவை ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரிடமும் மதினி சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், ஜெயித்தவரும் ஆட்டினார். இந்தத் தடவை அவர்கள் மறுபடி வந்து நின்றபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஆட்டுனது போதும், நானே நின்னுக்கிறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

என் புத்திதான் உனக்குத் தெரியுமே. சொந்த மரத்துத் தேங்காயையும் தட்டிப் பார்த்துத்தான் உடைப்பேன். இவளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். குரங்கணியில் இருக்கிற அவள் தம்பி, நீ செத்ததற்கே மறுநாள் வந்தவன், இப்போது வாரம் தவறாமல் வருகிறான். ஏலக்காய்த் தரகன் சோமு நம் வாசலில் வண்டியை நிறுத்தி, "என்னக்கா, சௌக்கியமா?" என்று என்னையே விசாரிக்கிறான். அவன் எந்தக் காலத்தில் என் சௌக்கியத்தைக் கேட்டான்? பெரிய கட்சி வேட்பாளருக்கு அவன் வலது கை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கதி உனக்குச் சொல்ல வேண்டும். உன் காலத்தில் சாயங்காலம் வேலை முடிந்தால் காய் பொறுக்குகிற பெண்கள் வாசலில் வந்து நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். காயை ஒளித்துக் கொண்டு போகவில்லை என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். ஊரில் எல்லாக் குடோனிலும் அப்படித்தான். நீ போன பிறகு மதினி அதை நிறுத்திவிட்டாள். உன் சாவுக்கு வந்து மாரடித்து அழுதவர்களை வாசலில் நிறுத்தி உதறச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். நான் குதித்தேன். மூட்டை மூட்டையாகப் போகப் போகிறது பார் என்றேன். அவளுக்குத் தெரியாமல் தினமும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு கை காய்கூடக் குறையவில்லை. தராசில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

வேட்புமனுவுக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் நம்மிடம் காய் பொறுக்குகிற பெண்கள்தான். பேச்சி முதல் ஆள். அவள் புருசன், கட்சிக்காரன் பகை நமக்கெதற்கு என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனானாம். அதற்கப்புறமும் வந்து போட்டாள். மனு தள்ளுபடியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் டீக்கடையில் பேச்சு மாறியது. ஈஸ்வரியிடம் பேசி முடித்தாயிற்று, கடைசி நாளில் வாபஸ் வாங்கிவிடுவாள், இத்தனை நாள் ஆடினதே விலை ஏறத்தான் என்றார்கள். நான் அதை நம்பவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். குடோனில் பெண்கள் தலை நிமிராமல் காய் பொறுக்கினார்கள். எப்போதும் வாயடிக்கிற பேச்சிகூடக் குனிந்தே இருந்தாள். இவளை நம்பி வீட்டில் அடி வாங்கினவளும் அதில் உண்டு. இவள் விலை போனால் அவர்கள் இந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பார்கள்?

வாபஸ் வாங்கக் கடைசி நாள். தாலுகா ஆபீசில் மூன்று மணியோடு முடிகிறது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் ஒரு காரு வந்து நின்றது. சோமு இறங்கிக் கதவைத் திறந்து விட்டான். மதினி கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்தாள். எங்கே என்று வழியை மறித்தேன். "வந்து சொல்றேன்" என்றாள், அவ்வளவுதான். காரு தாலுகா ஆபீஸ் பக்கம் போகவில்லை, குரங்கணி ரோட்டில் திரும்பியது. அங்கே பெரிய கட்சி வேட்பாளருடைய தோட்ட பங்களா இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

நான் திரும்பி உள்ளே வந்து, "முடிஞ்சது சோலி. வித்துட்டா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பேச்சி மட்டும் சல்லடையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் பாதி. மீதி உன்னை நினைத்து. உன் பெயரைச் சொல்லித்தானே இந்தக் குடோனுக்குக் காய் வருகிறது.

காரு திரும்பி வந்தபோது மூன்று மணி ஆகவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. சோமு காரை விட்டு இறங்காமல், என்னைப் பார்க்காமல், அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டான். மதினி படி ஏறினாள். வாசலில் நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை.

கையிலிருந்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாவிக்கொத்து, செல்போன், தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு. பிறகு சேலை மடியை அவிழ்த்து உதறினாள். முந்தானையை விரித்து உதறினாள். காலையில் பொறுக்கும்போது மடிப்பில் சிக்கின ஒரே ஒரு ஏலக்காய் தரையில் விழுந்தது. முதலாளி அவள், அவள் இந்த வாசலில் மடி உதறி நான் பார்த்ததே இல்லை. பேச்சி எழுந்து போய் அந்தக் காயைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"நாங்க ஒண்ணும் கேக்கலையே தாயி" என்றாள்.

"கேக்கல. கேக்கணும் பேச்சி. ஓட்டுன்னு வந்து நிக்கிற ஒருத்தரையும் விடாதீங்க. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றாள் மதினி.

நான் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அழுதேன் அண்ணே, மறைப்பானேன். மூன்று மணி தாண்டியது. அவள் பெயர் நின்றது. தையல் மிஷின் சின்னம் கொடுத்தார்கள். ஊசி நூலே கோக்கத் தெரியாதவளுக்கு.

அடுத்த வாரம் பெரிய கட்சி வேட்பாளர் ராசிங்காபுரத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். மேளம், ஆரத்தித் தட்டு, சால்வை, எல்லாம் உண்டு. பேச்சி பிறந்த ஊர் அது. அவர் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேச்சி குறுக்கே போய் நின்றாளாம். "அண்ணே, தோள்ல கெடக்குற துண்டை ஒருக்கா உதறிட்டு உள்ள வாங்க" என்றாளாம். கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. அவரும் சிரித்தார். கை தோளில் கிடந்த துண்டு வரைக்கும் போனது, ஆனால் உதறவில்லை. அதை எவனோ செல்போனில் பிடித்துவிட்டான். இப்போது எந்தத் தெருவுக்கு எந்தக் கட்சி போனாலும் ஒரு பெண்பிள்ளை எழுந்து உதறச் சொல்கிறாள். சிலர் உதறுகிறார்கள். சிலர் துண்டே போடாமல் வருகிறார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்த பங்களாவில் என்ன நடந்தது? எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "டீ குடுத்தாங்க, சீனி தூக்கல்" என்கிறாள். அதற்கு மேல் பெயராது. போகாமலே இருந்திருக்கலாமே, எதற்குப் போனாள்? நான் உள்ளே உட்கார்ந்து என்ன பேசியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். பேச்சியின் வாய் எந்த ஊர் வரைக்கும் போகும் என்றும் தெரியும். மனசு பொறுக்காமல் உதறினாளா, கணக்குப் போட்டு உதறினாளா? நீ அவளோடு குடித்தனம் நடத்தினவன். உனக்காவது தெரியுமா?

நாளைக்கு ஓட்டுப் பதிவு. நம் தெரு பூத்தில் அவளுக்கு ஏஜெண்டு நான். "உங்க புத்திக்கு இதைவிட நல்ல சோலி கெடைக்காது. வர்ற மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். பாராட்டா குத்தலா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் தோற்பாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் ஜெயிப்பாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆனாலும் நேற்று விடியலில் ஜீப்பு ஏறின பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, தைக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. அவள் ஜெயித்தால், மெட்ராஸ் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் குடோன் வாசலில் நான் நிற்பேன். எம்எல்ஏ ஆனாலும் சரி, மந்திரியே ஆனாலும் சரி, மடியை உதறாமல் படி தாண்ட விட மாட்டேன். தோற்றால் உதற வேண்டாம். நேரே உள்ளே வரட்டும். நான் சோறாக்கி வைத்திருப்பேன்.

வாசலை விட்டு நகராத உன் தங்கச்சி,
பாண்டியம்மா