அண்ணனின் சீட்டு

அன்புள்ள அண்ணி,

அண்ணனின் பெட்டி வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். சட்டைகள், கண்ணாடி, பாப்பாவுக்கு வாங்கிய பென்சில் டப்பா. டப்பாவை மேலாகவே வைத்திருக்கிறேன்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தருகே அவர் விழுந்த இடத்தை எல்லோரும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

போனில் கேட்டீர்களே, "போன மாசம் டெஸ்ட்ல பிரஷர் சரியா இருக்குன்னுதானே வந்துச்சு தம்பி? அப்புறம் எப்படி மூளையில ரத்தக்குழாய் வெடிக்கும்?" என்று. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இங்கே வெளிநாட்டு ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை. தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானேடா, எனக்கும் நீயே போயிட்டு வா" என்றார் அண்ணன். அவருடைய அடையாள அட்டையோடு போய் நான் கையை நீட்டினேன். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிரஷர் சரி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கொடுமை என்னவென்றால், நாளாக ஆக அண்ணனே அந்தச் சீட்டை நம்ப ஆரம்பித்துவிட்டார். பிரஷர் மாத்திரையை விட்டார். அன்று காலை தலை வலிக்கிறது என்றார். டாக்டரிடம் போகலாமா என்றேன். "சீட்டுல நல்லாருக்குன்னுதானே போட்டிருக்கு, வா வேலையைப் பாப்போம்" என்று கிளம்பினார். எல்லாம் தெரிந்த நானும் பின்னாலேயே போனேன்.

அந்தச் சீட்டு பெட்டியின் அடியில் இருக்கிறது. டாக்டரைத் திட்டாதீர்கள் அண்ணி. அதில் இருப்பது என் பிரஷர்.

அண்ணனின் உடலோடு வர லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னதும் பொய்தான். அவருடைய முகத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியமில்லை.

உங்கள் கொழுந்தன்